எங்கள் வீட்டுச் சூசையப்பர்

சிரித்திருக்கக் கூடாது. ஆனால் ஸ்கேனரின் மூடியைத் தூக்கிய கையோடு நான் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காகப் பின்னால் பத்து நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு வீட்டின் மேல்மாடியில். வீட்டுக்காரர் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மாள். கன்னடக்காரர். பெங்களூரின் பாதித் தமிழர்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். ஊர் உலகம் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்ட காகிதங்களைச் சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். பழைய போஸ்ட் கார்டு, நோட்டீஸ், தீப்பெட்டி லேபிள், ஏதோ ஊர்வலத்தன்று தெருவில் விற்ற காகிதக் கைக்குட்டை, எதையும் விடமாட்டார். அவற்றை உறையில் போட்டு, எண் கொடுத்து, ஸ்கேன் செய்து, இன்னது என்று இரண்டு வரி எழுதி வைப்பது என் வேலை. அவரை நான் மேடம் என்பேன்.

அந்த மாதம் மேஜைக்கு வந்தது ஒரு பெட்டி நிறைய போஸ்ட் கார்டுகள். நூறு வருஷத்துக்கும் முன்னால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் ஓட்டுரிமை கேட்டபோது அச்சடித்தவை. கேட்டவர்களும் அச்சடித்தார்கள், கூடாது என்றவர்களும் அச்சடித்தார்கள். கேட்டவர்களின் கார்டுகளில் வெள்ளை உடுப்பும் தோளில் பட்டையுமாகப் பெண்கள் விறைப்பாக நிற்பார்கள். பள்ளி ஆண்டுவிழா போட்டோ மாதிரி இருக்கும். கூடாது என்றவர்களின் கார்டுகள்தான், சொல்ல வெட்கமாக இருக்கிறது, பார்க்கச் சுவாரஸ்யம். ஓட்டு கேட்கிறவளுக்கு எப்போதும் முன்பல் துருத்தியிருக்கும், சிலதில் வாய்க்குப் பூட்டும் போட்டிருப்பார்கள். பூனைக்குத் தொப்பி போட்டு மேடையேற்றிப் பேச வைத்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு அலுக்கவே அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் மாட்டிக்கொண்ட புருஷன். ஏப்ரன் கட்டிக்கொண்டு அவன் துணி துவைப்பான், பாலைப் பொங்க விடுவான், இடுப்பில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாகப் பிள்ளைகள் வீறிடும். பெண்டாட்டி சீவிச் சிங்காரித்து வெளியே கிளம்பியிருப்பாள். இவளுக்கு ஓட்டைக் கொடுத்தால் நாளைக்கு உன் கதி இதுதான் என்று ஆண்களைப் பயமுறுத்துகிற கார்டுகள்.

பெட்டியில் பாதி தாண்டியிருப்பேன். அடுத்த கார்டைக் கண்ணாடியில் கவிழ்ப்பதற்கு முன் ஒரு பார்வை பார்த்தேன். தாடி வைத்த ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கழுத்திலிருந்து கால்வரை நீல ஏப்ரன். மடியில் குழந்தை. கையில் வெள்ளையாக ஏதோ. பின்னால் அலமாரியில் நிறுத்தி வைத்த மஞ்சள் பீங்கான் தட்டு, அவர் தலைக்குச் சரியாகப் பின்னால், வட்டமாக. காலடியில் கவிழ்ந்த வாளி. அதற்கும் கீழே இரண்டு வரி ஆங்கிலம்.

அது எங்கள் வீட்டுச் சூசையப்பர்.

சூசையப்பர் என்றால் குழந்தை யேசுவை வளர்த்த தகப்பன். தச்சர். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் தகப்பன்மாருக்கும் உழைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் அவர்தான் துணை. புதன்கிழமை அவருடைய நாள். எங்கள் வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில், பெரிய பங்களாக்களுக்குப் பின்னால் முதுகு ஒட்டி நிற்கும் சின்ன வீடுகளின் வரிசையில் இருக்கிறது. கூடத்துச் சுவரில் பலகை அடித்து, நடுவில் மாதா சுரூபம், இடதுபக்கம் திருஇருதயப் படம், வலதுபக்கம் உள்ளங்கை அகலத்தில் ஃபிரேம் போட்ட சூசையப்பர். நீல அங்கி, தாடி, மடியில் குழந்தை, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கையில் வெள்ளை லீலிப் பூ. சூசையப்பர் கையில் லீலி இருப்பது வழக்கம்தானே? படத்தைச் சுற்றி வைத்திருந்த அகல அட்டை, வாளியையும் அந்த இரண்டு வரியையும் சுத்தமாக மறைத்திருந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்தப் படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டிருக்கிறேன்.

படம் வந்த கதை இது. எதிர் பங்களாவிலிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, சாமான் கட்ட உதவிய அப்பாவுக்கு ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு கேக் அச்சு, ஓடாத சுவர்க் கடிகாரம், ஃபிரேமோடு இந்தப் படம். சீமையில் சூசையப்பரை இப்படித்தான் வரைவார்கள் போலிருக்கிறது என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம். அடுத்த திருநாளுக்கு அப்பா அதைக் கோயிலுக்கு எடுத்துப்போய் மந்திரித்துக்கொண்டு வந்தார். பீடத்துக்கு முன் மேஜை போட்டு, ஊர்க்காரர்கள் எல்லோரும் ஜெபமாலை, சிலுவை, படம் என்று குவித்து வைத்திருப்பார்கள். சாமியார் தீர்த்தத்தை எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தெளித்துக்கொண்டே போவார். ஒவ்வொன்றாக எடுத்து யார் என்ன என்று பார்க்க அவருக்கு நேரம் ஏது?

இதில் என்ன இருக்கிறது, சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் முதல் ஐந்து நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. அப்பாவின் கதையைச் சொன்னால்தான் அதற்குமேல் ஏன் சிரிக்க முடியவில்லை என்று புரியும்.

எனக்கு ஆறு வயதாகும்போது அப்பா வேலை பார்த்த ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். தம்பி அப்போது ஆறு மாதக் குழந்தை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்ட் மாற்றி ஷிப்ட் என்று அவள் ஓட, அப்பா வீட்டில் நின்றுவிட்டார். வேறு வேலை தேடாமல் இல்லை. ஆனால் கிடைத்ததெல்லாம் அம்மா சம்பளத்தில் கால்வாசிகூட வராது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. அவராக யோசித்து எடுத்த முடிவு. சமைத்தார், துவைத்தார், எனக்குப் பேன் பார்த்துப் பின்னல் போட்டார், தம்பிக்குப் புட்டிப்பால் கொடுத்தார். எல்லாம் தப்பும் தவறுமாகத்தான் தொடங்கியது. என் முதல் பின்னல் காதுக்கு மேலே இருந்தது.

வரிசை வீடுகளில் இதை யாராவது சும்மா விடுவார்களா? டீக்கடையில் அவருக்கு 'ஆயா' என்று பெயர் வைத்தார்கள். அந்த வருஷம் தேர்தல் வந்தது. பக்கத்துக் கார்ப்பரேஷன் பள்ளியில் ஓட்டுச்சாவடி. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அம்மா டியூட்டி முடிந்து வெள்ளைப் புடவையோடு நேராக வந்து பெண்கள் வரிசையில் நின்றாள். அப்பா ஆண்கள் வரிசையில், இடுப்பில் தம்பி, தோளில் தம்பி கக்கிய பால் துடைத்த துண்டு, இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நான். பின்னாலிருந்து அவருடைய பழைய ஆலைக் கூட்டாளி ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இன்னா குரு, பொண்டாட்டி ஓட்டுப் போட வந்துட்டா, நீ பாப்பா தூக்க வந்துட்டியா?"

வரிசையே சிரித்தது. அப்பா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "சூசையப்பரே தூக்கினாரு. எனக்கு இன்னா வந்துச்சு?"

சிரித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கோயில்காரர்கள். சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். அதற்கப்புறம் யார் கேலி செய்தாலும் அப்பாவின் பதில் அந்த ஒன்றுதான். அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களைச் சுவருக்கு இழுத்துப்போய்ப் படத்தைக் காட்டுவார். "பாத்துக்கோ. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" என்பார்.

அந்தச் சாட்சிதான் இப்போது என் ஸ்கேனர்மேல் கிடந்தது. அப்பாவைப் போன்ற ஆண்களைப் பார்த்து உலகம் சிரிக்கவேண்டும் என்றே அச்சடித்த படம். டீக்கடைக்காரர்கள் செய்த அதே கேலி, வண்ண அச்சில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது மத்தியானச் சாப்பாட்டை அப்பாதான் பள்ளிக் கேட்டுக்குக் கொண்டுவருவார். ஒருநாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சமையல் துண்டைத் தோளிலிருந்து எடுக்க மறந்து, டப்பாவோடு வந்து நின்றார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பங்களாப் பிள்ளை, "யாருடீ அது?" என்று கேட்டாள். நான், "எங்க வீட்டு சமையக்காரரு" என்றேன். அப்பா டப்பாவைக் கேட்டுக் கம்பி வழியாக நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன், அவர் போய்விட்டார். அன்றைக்குப் பீன்ஸ் சாம்பார் சாதம். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. முழுவதையும் அவளே சாப்பிட்டுவிட்டு, உங்க வீட்டு சமையக்காரர் நல்லா செய்யறார் என்று சர்டிபிகேட் வேறு கொடுத்தாள். முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முன், சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டில் போய் "பொய் சொன்னேன் சுவாமி" என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. யேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தடவை மறுதலித்தார், நான் ஒரு தடவைதான் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு அன்று காதில் விழுந்ததா இல்லையா என்பது மட்டும் தெரியாமலே இருந்தது.

ஆகவே அந்தக் கார்டைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டு அதை உறையில் போட்டிருக்கவேண்டும். செய்தேனா? சிரிப்புச் சத்தம் கேட்டு மேலே வந்த மேடமிடம், எங்கள் வீட்டில் இதை எப்படிக் கும்பிடுகிறோம் தெரியுமா என்று கையை ஆட்டி ஆட்டி நடித்தே காட்டினேன். தீர்த்தம் தெளித்த கதையைச் சொல்லும்போது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. என் வாய்க்குத்தான் அந்தக் கார்டுக்காரர்கள் பூட்டுப் போட்டிருக்கவேண்டும்.

மேடம் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ தேவ்ரே! இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா உங்களுக்கு? வர்ற மாசம் நம்ம கண்காட்சியில இதுதான் நடுவுல. இந்தக் கார்டு ஒரு பக்கம், உங்க வீட்டு ஃபிரேம் ஒரு பக்கம். எடுத்துட்டு வாங்க. கெடுதி வராம நான் பார்த்துக்கறேன்."

கண்காட்சி ஏற்கெனவே முடிவானது. இந்த ஓட்டுக் கார்டுகளை எல்லாம் ஒரு சின்ன அரங்கில் மூன்று வாரம் வைப்பதாக இருந்தது. அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று முனகிவிட்டுக் கீழே இறங்கினேன். பஸ்ஸில் வரும்போது எல்லாம் கண்முன் ஓடியது. சுவரில் எங்கள் படம், கீழே லேபிள், கையில் ஜூஸ் வைத்துக்கொண்டு சிரிக்கிற கூட்டம். அப்பாவுக்கு எண்பது வயது. அம்மா போய் ஐந்து வருஷமாகிறது. இத்தனை காலம் டீக்கடைக்குத் தப்பித்த மனிதரை ஊர் நடுவில் கொண்டுபோய் நிறுத்தப்போவது நான். அதுவும் இரண்டாவது தடவை.

பத்து நாள் ஒன்றும் சொல்லாமல் இழுத்தடித்தேன். மேடம் போனில் கேட்டால் அப்பாவுக்கு ஜலதோஷம் என்றேன். நடுவில் வந்த புதன்கிழமை அப்பா வழக்கம்போலக் காலைக் காப்பிக்கு முன் மெழுகுவத்தி ஏற்றி, முழங்கால் போட முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபம் சொன்னார். நான் அடுப்படியிலிருந்து அந்தப் பீங்கான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை தட்டாகத் தெரிந்தபிறகு அது ஒளிவட்டமாகத் தெரியமாட்டேன் என்கிறது.

ஒருவேளை எங்கள் படம் வேறாக இருந்தால்? யாராவது உண்மையான சூசையப்பரைப் பார்த்து அந்தக் கார்டை வரைந்திருந்தால்? இந்த நப்பாசையில் ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து சாப்பிட்டு அப்பா தூங்கப் போனதும், படத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜைமேல் கவிழ்த்துப் பின்பக்க ஆணிகளைக் கத்தியால் நெம்பினேன். அட்டையை விலக்கினேன். வாளி இருந்தது. இரண்டு வரியும் இருந்தது. மனைவிக்கு ஓட்டு வந்ததும் மாப்பிள்ளை மடியில் பிள்ளை வந்தது என்கிற மாதிரி ஒரு மட்டமான நையாண்டி.

"இன்னாம்மா பண்ணினு இருக்கே?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்திருந்தார். மூடி மறைக்கக் கை போனது, ஆனால் அவர் அதற்குள் மேஜைப் பக்கத்தில் வந்துவிட்டார். பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து ஆங்கிலத்தை மெதுவாகப் படித்தார். மறுபடி படித்தார்.

"ஓட்டு சமாச்சாரமா இது?"

ஒன்று விடாமல் சொன்னேன். கார்டு எதற்காக அச்சடித்தது, யாரைக் கேலி செய்ய, மேடமிடம் நான் உளறியது, கண்காட்சி, எல்லாம். முடித்ததும், "சரி, மூடி வை. தூசி படும்" என்றார். அடுப்படிக்குப் போய் ராத்திரிக்கு வேண்டிய பீன்ஸை அரிய உட்கார்ந்தார். படத்தை நான்தான் திரும்ப மாட்டினேன். கொஞ்சம் கோணலாகிவிட்டது. வழக்கமாக அவர் உடனே எழுந்து சரிசெய்வார். அன்று செய்யவில்லை.

திங்களும் செவ்வாயும் வீட்டில் பேச்சு இல்லை என்று சொல்ல முடியாது. தண்ணி வந்ததா, காஸ் புக் பண்ணியாச்சா என்று பேசிக்கொண்டுதான் இருந்தோம். நான் புதன்கிழமைக்காகக் காத்திருந்தேன். புதன் விடிந்தது. அப்பா குளித்தார், காப்பி குடித்தார், பேப்பர் படித்தார். மெழுகுவத்தி ஏற்றவில்லை. என் நினைவு தெரிந்து அவர் ஏற்றாத முதல் புதன்கிழமை. அம்மாவை அடக்கம் செய்த வாரம்கூட ஏற்றினார். அவரிடமிருந்து எதைப் பிடுங்கிவிட்டேன் என்பது எனக்கு அந்தக் காலையில்தான் முழுசாக உறைத்தது. வேலைக்குப் போய் இருபது கார்டுகளுக்குத் தப்பான எண் போட்டேன்.

சாயங்காலம் கேட்டைத் திறக்கும்போதே மெழுகு வாசனை வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். பலகையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. படம் நேராக இருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"காலையில ஏத்தலியேப்பா?"

"சாமியாரை ஒரு வார்த்த கேட்டுனு ஏத்தலாம்னு இருந்தேன். மந்திரிச்ச படமாச்சே. சும்மா தூக்கிப் போடவும் முடியாது, தெரிஞ்சினு ஏத்தவும் ஒரு மாதிரி இருந்துச்சு. ஃபிரேமக் கழட்டி போன்ல போட்டோ புடிச்சி எடுத்துனு போனேன்."

"இன்னா சொன்னாரு?"

"எங்க சொன்னாரு? கீழ எழுதி இருக்கறத படிச்சிட்டு அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே! கண்ணாடியக் கழட்டி கண்ணத் தொடச்சாரு."

"உங்களுக்குக் கோவம் வரலியா?"

"எனக்கும் சிரிப்பு வந்துடிச்சு. ரெண்டு பேரும் சிரிச்சினே இருந்தோம். உபதேசியாரு வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாரு. அப்புறம் சாமியாரு சொன்னாரு, மந்திரிச்சது மந்திரிச்சதுதான், வாபஸ் வாங்கற பழக்கம் எங்க கிட்ட இல்லேன்னு."

அப்பாடா என்று கூடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா மிக்சர் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. கையில இருக்கறது பூவுன்னு நீயும் உன் தம்பியும் சொல்லுவீங்க. எனக்கு மொத நாளே தெரியும், அது பால் பாட்டிலு. உங்கம்மாவுக்கும் தெரியும். சும்மா இருங்க, பூவாவே இருக்கட்டும்னு அவதான் சொன்னா. அதும் தப்பாப் புடிச்சினு இருக்காரு, பாரு. அப்படிப் படுக்க வெச்சாப்ல புடிச்சா பாலோட காத்துதான் போவும். கொழந்த கக்கிடும். உன் தம்பி கக்கினே இருப்பான், எனக்கு அழுக வரும். அப்ப இந்தப் படத்தப் பாப்பேன். அவருக்கே வரல, பாவம், அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க, ஸொல்ப ஸொல்பமா கத்துனு இருக்காருன்னு நெனச்சிப்பேன். அதுல ஒரு தைரியம்."

"இப்ப?"

"இப்பத்தானே தெரியுது, சூசையப்பருக்கு இல்ல, வரைஞ்சவனுக்குத்தான் தெரியல. ஒருநாளாவது ஒரு கொழந்தைக்குப் பால் குடுத்து இருந்தா இப்படி வரைவானா? அவன் பாட்டுக்கு வரைஞ்சிட்டான். நான் என் பாட்டுக்கு ரெண்டு புள்ளையும் வளத்துட்டேன்." படத்தைக் காட்டிச் சொன்னார்: "குடு அந்த அம்மாவுக்கு. ஆனா மார்ச் பத்தொம்போது, அவரு திருநாளைக்கு முன்னாடி திரும்ப வந்துடணும்."

மறுநாள் மேடமிடம் இரண்டு நிபந்தனைகளோடு போனேன். திருநாளுக்கு முன் படம் திரும்பி வரவேண்டும் என்பது அப்பாவுடையது. லேபிளை நான்தான் எழுதுவேன் என்பது என்னுடையது. மேடம் ஏற்கெனவே ஒன்று எழுதி வைத்திருந்தார். தவறுதலாகப் புனிதராக வணங்கப்பட்ட கேலிச்சித்திரம் என்று தொடங்கியது. 'தவறுதலாக' வேண்டாம் என்றேன்.

"தவறுதானேம்மா?" என்றார்.

"வரைந்தவருக்குப் பாட்டில் பிடிக்கத் தெரியவில்லை மேடம். அந்தத் தவறைச் சொல்வதானால் சொல்லலாம்" என்று அப்பா சொன்னதை ஒப்பித்தேன். மேடம் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். நாலு பேரப்பிள்ளைகளை வளர்த்தவர். "ஹௌதல்லா!", ஆமாம்தானே, என்று கன்னடத்தில் வியந்துவிட்டுத் தன் காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

திறப்பு நாளன்று அப்பா ஈஸ்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அரங்கின் நடுவே கார்டு முழுசாக ஒரு கண்ணாடிச் சட்டத்தில், அது யாரால் எதற்காக அச்சடிக்கப்பட்டது என்கிற விளக்கத்தோடு. பக்கத்தில் எங்கள் ஃபிரேம். கீழே ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தமிழிலும் இவ்வளவுதான்: ரிச்சர்ட்ஸ் டவுன் வீடு ஒன்றில், வீட்டில் இருந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்த ஒரு தகப்பன் புதன்கிழமைதோறும் மெழுகுவத்தி ஏற்றி வந்த படம். ஓட்டுப் போட வந்த மனைவிக்காக அவர் சாவடியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றதும் உண்டு.

சிலர் லேபிளைப் படித்துவிட்டு ஃபிரேமுக்கு முன் கொஞ்ச நேரம் நின்றார்கள். சிலர் சிரித்தார்கள், அதுவும் நல்ல சிரிப்புதான். நான் பயந்த சிரிப்பும் வந்தது. நல்ல உடுப்பு போட்ட ஒரு தமிழர், மனைவியிடம், "எவனோ அப்பாவி, கார்ட்டூனைக் கும்பிட்டு இருக்கான் பாரேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு என்னையே கேட்டார்: "யாருங்க இந்த ஆளு?"

பள்ளிக் கேட்டு, கம்பி, டப்பா எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. அப்பா நாலடி தள்ளி, தொப்பி போட்ட பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பாங்க," என்றேன். "அதோ நிக்கிறாரே, வெள்ளைச் சட்டை, அவருதான். என்னைய வளத்தவரு."

அரங்கில் நாலைந்து பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் வந்துவிட்டது. அந்த மனிதர் முகம் சிவந்து, சாரிங்க என்றார். அவர் மனைவி நேராக அப்பாவிடம் போய் ஏதோ கேட்டார். அப்பா கையில் இல்லாத ஒரு பாட்டிலை இப்படிப் பிடிக்கக்கூடாது, இப்படி என்று அந்தம்மாவுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம். பாலத்துக்கடியில் நெரிசலில் நின்றபோது அப்பா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சத்தமாத்தான் சொன்னே."

"எதைப்பா?"

"எங்க அப்பான்னு." என் பக்கம் திரும்பி, "ஸ்கூல் கேட்லயும் எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு" என்றார்.

இத்தனை வருஷமா என்றேன். அவர் என் கைமேல் ரெண்டு தட்டுத் தட்டினார்.

"விடும்மா. சாயங்காலம் டப்பா காலியா வந்துச்சு. சமையக்காரன்னு சொன்னாலும் புள்ள வயிறாரச் சாப்ட்டுச்சு, அது போதும்னு விட்டுட்டேன். சாம்பார் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் நீ சொல்லவே இல்ல."

ஆட்டோ நகர்ந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா," என்றேன்.

இந்தப் பொய்யை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதாக இல்லை.